எட்டு ஜோடி நரம்புகள்

செம்பூர்,
9 ஜூன் 2024

ஜெனிஷ்,

பதினோரு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுந்தது, பதில் விழவில்லை. போன வியாழக்கிழமை குர்லாவில் ஏழாம் பிளாட்ஃபாரத்தில் என்னைப் பார்த்ததும் நீ திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் நடந்ததையும் பார்த்தேன். நீ ஏறவேண்டிய வண்டி அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தது. வண்டியை விட்டாலும் பரவாயில்லை, இவள் முகத்தில் விழிக்கக்கூடாது என்று நினைத்துவிட்டாய், இல்லையா?

அதனால்தான் கடிதம். ஆபீஸுக்கு அனுப்பினால் நாலு பேர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள் என்று உன் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். தமிழில் எழுதுவதற்கும் அதுதான் காரணம். நம் லேபில் தமிழ் படிக்கத் தெரிந்தது இரண்டே பேருக்குத்தான். நீ முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் படித்தவன், நான் மாட்டுங்காவில் அம்மாவிடம் அடி வாங்கிப் படித்தவள்.

உனக்குக் கோபம் இருக்கிறது. நியாயமான கோபம். நடந்ததை நானே ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன், அப்புறம் நீ திட்டு.

2022 ஏப்ரல் கடைசியில் தொடங்கி, கொங்கண் கரை முழுக்க நாற்பது நாள் அலைந்து கடற்புல் சேகரித்தவன் நீ. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, முழங்கால் சேற்றில் நின்று, காலில் சிப்பி கிழித்து, செடியை உலர்த்தி ஒட்டிய அறுபத்தொரு ஷீட் கொண்டுவந்தாய். அவை ஒவ்வொன்றும் என்ன இனம் என்று பார்த்துப் பெயர் எழுதியவள் நான். நீ சொன்ன ஊரும் நான் சொன்ன பெயரும் சேர்ந்துதான் எந்தப் புல் எங்கே வளர்கிறது என்கிற அந்த வரைபடம். இருபத்துமூன்றாம் ஷீட், கரம்பேவாடி. வழக்கமாக வரும் ஹாலோஃபிலா ஓவாலிஸ் இல்லை இது, அதைவிடச் சின்ன இலை உள்ள ஹாலோஃபிலா மைனர் என்று எழுதினேன். இலையின் நடு நரம்பிலிருந்து ஓரத்துக்கு ஓடும் குறுக்கு நரம்புகளை எண்ணித்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும். எட்டு ஜோடி எண்ணினேன். ஓவாலிஸ் என்றால் பத்துக்கு மேல் இருக்கும். நாம் எடுத்த கரையில் அதுவரை யாரும் குறிக்காத இனம் என்று ரிப்போர்ட்டில் தனிக்கட்டம் கட்டி, என் பெயரோடு போட்டார்கள்.

போன நவம்பரில் இரண்டாவது குழு கரம்பேவாடிக்குப் போனது. கண்டதெல்லாம் ஓவாலிஸ். பதினான்கு ஜோடி, பதினாறு ஜோடி. பழைய ஷீட்டை எடுத்துப் பார்க்கலாம் என்றால் அதைப் பூஞ்சை தின்றிருந்தது. டிசம்பர் மீட்டிங்கில் டைரக்டர், "மேடம், எட்டுக்கும் பதினாலுக்கும் வித்தியாசம் தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டதும் மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். "நான் தப்பாக எண்ணியிருக்கலாம் ஸார்" என்று சொல்லி உட்கார்ந்தேன். ஒரு ஷீட் தப்பென்றால் மற்ற அறுபதும் தப்பாக இருக்கலாமே என்று ரிப்போர்ட்டையே ஓரங்கட்டினார்கள். உன் நாற்பது நாளும் சேர்ந்து போயிற்று. ஜனவரியில் நான் விலகினேன்.

என்னை மன்னித்துவிடு, ஜெனிஷ். இதைச் சொல்ல ஐந்து மாதம் ஆயிற்று. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஒரே ஒரு உதவி. ஒவ்வொரு செடிக்கும் இரண்டாகச் சேகரித்து ஒன்றை நீ வைத்துக்கொள்வாய். இருபத்துமூன்றின் ஜோடி உன்னிடம் இருந்தால் அனுப்பு. என் கண் எந்த இடத்தில் சறுக்கியது என்று நானே பார்க்க வேண்டும்.

ராஜலக்ஷ்மி


லேபர் கேம்ப், மாட்டுங்கா
22 ஜூன் 2024

ராஜி அக்கா,

உங்கள் லெட்டர் வந்தது. எங்கள் வீட்டுக்குக் கவரில் லெட்டர் வந்து எத்தனையோ வருஷமாச்சு. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "எலே, கோர்ட்டு நோட்டீஸா? என்ன லஃப்டா பண்ணித் தொலைச்ச?" என்று கேட்டாள். ஆபீஸ் விஷயம் என்று சொல்லி மாடிக்கு ஏறிவிட்டேன்.

மூன்று பேப்பர் கிழித்தாயிற்று. இது நாலாவது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை அக்கா. அம்மா சத்தியமாக இல்லை. நீங்கள் தயவுசெய்து என்னிடம் மன்னிப்புக் கேட்காதீர்கள். இனிமேல் அந்த வார்த்தையை எழுதாதீர்கள். குர்லாவில் உங்களைப் பார்க்கவில்லை, அவசரமாகப் போனேன், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட ஜோடி இப்போது இல்லை. போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில் நிறைய போய்விட்டது. அதுவும் போயிருக்கும்.

எனக்கு இன்னும் ஒரு வருஷம் கான்ட்ராக்ட் போட்டிருக்கிறார்கள். லேபில் உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தௌசீப் மட்டும் அதில் ஹெல்மெட் வைக்கிறான்.

விட்டுவிடுங்கள் அக்கா. பழசைக் கிளறினால் யாருக்கு என்ன லாபம்?

ஜெனிஷ்


செம்பூர்,
4 ஜூலை 2024

ஜெனிஷ்,

அம்மா சத்தியம் என்று எழுதியவன் அடுத்த பாராவிலேயே பொய் சொல்லலாமா? உன் வீட்டில் சாமான் எல்லாம் மாடியில் இருக்கும் என்று நீதான் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். மாடிக்கு எப்படியப்பா தண்ணீர் ஏறியது? குர்லாவில் என்னைப் பார்க்கவில்லையாம். என் முகத்தைப் பார்த்துக் கையைக்கூடப் பாதி தூக்கினாய்.

கொடுக்க மனமில்லை என்றால் அப்படியே சொல். இவள் கையில் கொடுத்தால் இதையும் கெடுத்துவிடுவாள் என்று நினைக்கிறாயா? நினைத்தாலும் தப்பில்லை. எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும்போது இது கறிவேப்பிலைதானே என்று கடைக்காரரைக் கேட்டேன். "க்யா மேடம், ரோஸ் லேதி ஹோ" என்று, தினம் வாங்குகிறவளே கேட்கிறேனே என்று சிரித்தார். அவருக்கு அது வேடிக்கை.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், வெங்கியிடம்கூடச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் எதைச் சொன்னாலும் "விட்டுத் தள்ளு ராஜி, புல்லுக்குப் போய்" என்பார். மாட்டுங்காவில் கண் டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, ஒருமணி நேரம் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை, பழைய கண்ணாடியே போதும் என்றார். வெளியே வந்து பூக்கடைகள் பக்கமாக நின்று அழுதேன். பவர் ஏறியிருந்தால் ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். நல்ல கண்ணை வைத்துக்கொண்டு எட்டையும் பதினான்கையும் குழப்பியவள் என்றால் அதற்கு என்ன பெயர்?

இன்னொன்று. ஒரு காலேஜில் தாவரவியல் துறையில் இடம் காலி, வகைப்பாட்டியல் எடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் பன்னிரண்டு இன்டர்வியூ. எனக்குச் செய்ய ஆசையாக இருக்கும் ஒரே வேலை இதுதான். போகப்போவதில்லை. அந்த ரிப்போர்ட் எழுதியவர் நீங்கள்தானே என்று ஒருத்தர் கேட்டால் போதும், எழுந்து வந்துவிடுவேன். பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு இருந்துவிடலாம். புத்தகத்தில் படமும் பெயரும் அவர்களே போட்டுவிடுகிறார்கள், நான் எதையும் பார்த்துச் சொல்லவேண்டியதில்லை.

அந்த ஜோடி இருந்தால் அனுப்பு. இனிமேல் கேட்கமாட்டேன்.

ராஜி


லேபர் கேம்ப்
15 ஜூலை 2024

அக்கா,

இன்டர்வியூவுக்குப் போங்கள்.

உங்கள் கண் சரி. நீங்கள் எண்ணிய எட்டு சரி. மைனர் என்று எழுதியதும் சரி. ஊர்தான் தப்பு. இருபத்துமூன்றாம் ஷீட்டில் இருந்தது கரம்பேவாடிச் செடி இல்லை, சோன்காட் கழிமுகத்தில் எடுத்தது. இதோடு ஜோடியை வைத்திருக்கிறேன். பாருங்கள்.

எப்படி ஆச்சு என்றால், கடைசி வாரம் செடியில் கட்டுகிற சீட்டு தீர்ந்துபோச்சு. ஜோடிகளுக்குக் கட்டிவிட்டேன், லேபுக்குப் போகிற மெயின் பதினாலுக்கு இல்லை. கடலோரத்தில் எங்கே போய் வாங்க? செடியை மடிக்கிற நியூஸ்பேப்பர் ஓரத்திலேயே ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் போட்டேன். வீட்டில் கட்டை வைத்து நசுக்கி, மேலே அரிசி டிரம்மைத் தூக்கி வைத்தேன். ஜூன் மாதம், ஈரக்காற்று. தினம் பேப்பர் மாற்றாவிட்டால் செடி அழுகிவிடும். எனக்கோ மீதி இரண்டு இடம் பார்க்க மறுபடி போகவேண்டியிருந்தது. அம்மாவிடம் மாற்றச் சொல்லிவிட்டுப் போனேன். "பச்சப்புள்ளைக்குத் துணி மாத்துற மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தாள். நாலு நாளும் ஒழுங்காக மாற்றியிருக்கிறாள். ஒரு இலைகூடக் கிழியவில்லை. நான் திரும்பி வந்து கேட்டேன், "ஈரப் பேப்பரை எங்க வச்சிருக்க?" என்று. "குப்பைல போட்டேன்ல. வீடே கருவாட்டுக் கட மாதிரி நாறுச்சு, பக்கத்து வீட்டு மாரிசெல்வி வேற சண்டைக்கு வந்துட்டா" என்றாள்.

நம்பர் எல்லாம் அதோடு போச்சு. பதினாலு செடியையும் விரித்து, எது எங்கே எடுத்தது என்று ஞாபகத்திலிருந்து எழுதினேன். பன்னிரண்டு நன்றாகத் தெரிந்தது. இரண்டு சின்ன இலைச் செடி மட்டும் ஒரே மாதிரி இருந்தது. ஜோடிகளைப் பிரித்து ஒத்துப் பார்க்காமல், குத்துமதிப்பாக ஒன்றுக்குக் கரம்பேவாடி, ஒன்றுக்குச் சோன்காட் என்று போட்டேன். மாறிப்போச்சு.

அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது அக்கா. நம்பர் முக்கியம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளால்தான் இப்படி ஆகிவிட்டது, ஆனால் அவள்மேல் தப்பில்லை.

ஜெனிஷ்


செம்பூர்,
19 ஜூலை 2024

திரு. ஜெனிஷ் சந்தியாகு அவர்களுக்கு,

செடி கிடைத்தது. ஐந்து இலைகளை ஊறவைத்து எண்ணினேன். எட்டு, எட்டு, ஏழு, எட்டு, எட்டு.

உங்கள் அம்மா ஏஞ்சலம்மாளை இதில் இழுக்காதீர்கள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவர் அவர் ஒருவர்தான். பேப்பர் ஓரத்தில் நம்பர் போடக்கூடாது என்பது முதல் வருஷ மாணவனுக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய செடியின் தண்டில் ஒரு சீட்டு கட்டியிருக்கிறது. உங்கள் கையெழுத்து. சோன்காட், 29 மே 2022 என்று தெளிவாக இருக்கிறது. எனக்கு ஒரே கேள்வி. இந்தச் சீட்டு உங்கள் கண்ணில் எப்போது பட்டது?

ராஜலக்ஷ்மி


லேபர் கேம்ப்
3 ஆகஸ்ட் 2024

அக்கா,

இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். தெரிந்தும் சீட்டை அவிழ்க்காமல் அனுப்பினேன். வாயால் சொல்ல வராததை அதுவாவது சொல்லட்டும் என்று.

2023 ஜனவரி. ரிப்போர்ட் அச்சுக்குப் போக மூன்று வாரம் இருந்தது. படங்கள் சேர்க்க ஜோடிகளை வெளியே எடுத்தேன். எட்டு ஜோடி நரம்புள்ள செடியில் சோன்காட் என்று சீட்டு இருந்தது, அப்படியே மறுபடி மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருந்தால் ஒரு வரியை மாற்றி எழுதியிருப்பீர்கள். திட்டியிருப்பீர்கள், அப்புறம் சாயா வாங்கித் தந்திருப்பீர்கள். அந்த வாரம்தான் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. நம்பரைத் தொலைத்தவன் என்று தெரிந்தால் முதல் பெயர் என்னுடையதுதான். எங்கள் தெருவிலிருந்து அப்படி ஒரு இடத்தில் வேலை பார்க்கிறவன் நான் ஒருத்தன். அப்பா சர்ச்சில் எல்லாரிடமும் சயின்டிஸ்ட் என்று சொல்லி வைத்திருக்கிறார். நான் சயின்டிஸ்ட் இல்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டார். யாரும் கரம்பேவாடி வரைக்கும் போய் இலை எண்ணப்போகிறார்களா என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் மீட்டிங். நீங்கள் எனக்கு இடது பக்கம். டைரக்டர் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, நானும் சிரித்தேன் அக்கா. நீங்கள் பார்க்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "கலெக்‌ஷன்ல எதுவும் பிராப்ளம் இல்லையே?" என்று கேட்டார். "இல்ல ஸார், ஐடி, பேர் வச்சது எல்லாம் மேடம்தான்" என்று சொன்னேன். அது உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம் சொன்னேன். "அந்த அம்மாகிட்ட சொன்னியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்லு என்றார். பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். அதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டைரக்டருக்கு எழுதிக் கொடுக்கிறேன். எப்படி எழுத வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அப்படியே எழுதுகிறேன்.

ஜெனிஷ்


செம்பூர்,
9 ஆகஸ்ட் 2024

ஜெனிஷ்,

நான் சொல்லித்தர வேண்டுமா? என்னை அவமானப்படுத்தியதைத் திருத்தி எழுத நானே வாசகம் எடுத்துக் கொடுக்க வேண்டுமா? அடப்பாவி!

மூன்று மரியே! எட்டு மாதம் நான் ஸ்டேஷனில் தெரிந்த முகம் வந்தால் தூணுக்குப் பின்னால் நின்றேன். கண் டாக்டரிடம் போய் என் கண்ணில் குறை சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறை. அதற்கெல்லாம் சேர்த்து மூன்று. உங்கள் சாமியார் நல்லவராகத்தான் இருக்கிறார். முதலில் சொன்னதைக் கேட்காமல் இரண்டாவது சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தவன் நீ.

நீ சிரித்ததைக் கேட்டேன். அது நீதான் என்று தெரியாமல் இருந்தது. அந்தச் சிரிப்புகளில் ஒன்று தமிழ்ச் சிரிப்பு என்று இப்போது தெரிந்துகொண்டேன். போ.

உன் கடிதம் வந்த அன்று டியூஷன் பையன்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன். வெங்கி வந்து கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினேன். மனுஷர் முதல்முறையாக விட்டுத் தள்ளு என்று சொல்லவில்லை. "அந்தப் பையன் வீட்டு அட்ரஸ் குடு" என்று எழுந்தார். பிடித்து உட்காரவைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி இன்டர்வியூவுக்குப் போகிறேன். தைரியம் வந்து போகவில்லை, கோபம் பிடித்துத் தள்ளுகிறது.

நீ செய்ததை நீயே எழுது. உன் பாஷையில், நீ செய்த வரிசையில். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக்கூடாது. என்னைப் பற்றியும் எழுத வேண்டாம். எனக்காகப் பரிந்து பேச வேண்டிய நேரம் டிசம்பரிலேயே போய்விட்டது.

ராஜலக்ஷ்மி


தாராவி
30 ஆகஸ்ட் 2024

அக்கா,

முதலில் சோன்காட்டுக்குப் போனேன். லீவு போட்டுத் தனியாகப் போனேன். வாயால் சொன்னால் டைரக்டர் நம்பமாட்டார், கையில் செடி இருக்க வேண்டும். காலையில் தண்ணீர் வற்றியதும் இறங்கினேன். அங்கேயே இருக்கிறது அக்கா. கழிமுகத்தின் வடக்குக் கரையில், அலையாத்தி மரங்களுக்கு முன்னால், பாய் விரித்த அளவுக்குத் திட்டுத் திட்டாக. ஒவ்வொரு செடியிலும் சீட்டு கட்டி, இடத்தைப் போனில் குறித்து, படம் எடுத்தேன். கரம்பேவாடியிலும் எடுத்தேன். அங்கே ஓவாலிஸ்தான்.

இருபதாம் தேதி டைரக்டர் மேஜையில் வைத்தேன். கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஏன் இப்ப சொல்ற?" என்று ஹிந்தியில் கேட்டார். சோன்காட் செடியை அவர் பக்கமாகத் தள்ளினேன். மறுநாள் புராஜெக்டிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சரிதான். இப்போது செல்லப்பாண்டி அண்ணனின் லெதர் பேக் பட்டறையில் இருக்கிறேன். உள் துணிக்குப் பசை தடவுகிற வேலை. இந்த லெட்டரை இங்கிருந்துதான் எழுதுகிறேன், பேப்பரில் பசை பட்டிருந்தால் கோபப்படாதீர்கள்.

வீட்டில் சொன்னேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. அம்மாவிடம் பேப்பர் விஷயத்தைச் சொல்லவில்லை. ஆனால் கண்டுபிடித்துவிட்டாள். "நம்பரு அந்தப் பேப்பர்லயால இருந்துச்சு? அறிவுகெட்டவனே, சொல்லியிருந்தா தைச்சில்லா வச்சிருப்பேன்" என்று கத்தினாள். அப்புறம், "அந்தப் பிள்ளைய நேரா பாத்து மன்னிப்பு கேட்டியா?" என்றாள். லெட்டரில் கேட்டேன் என்றேன். "லெட்டர்லயா! தூ" என்று போய்விட்டாள்.

நான் கொடுத்த கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உங்களைப் பற்றி எழுதாதே என்றீர்கள். ஒரே ஒரு வரி எழுதிவிட்டேன், அது இல்லாமல் கடிதம் முடியவில்லை. "இந்தத் தவறில் திருமதி ராஜலக்ஷ்மிக்குத் துளியும் பங்கில்லை, அவரிடம் வந்த செடியை அவர் சரியாகவே பார்த்தார்" என்று. அந்த வரியை அப்படியே எடுத்துத் திருத்த அறிவிப்பில் போடப்போகிறார்களாம். தௌசீப் சொன்னான். உங்களை மறுபடி கூப்பிடுவார்கள் என்றும் சொன்னான். காலேஜ்காரர்களும் இனி ஒன்றும் கேட்கமுடியாது.

இது ஒன்றைத்தான் நான் சரியாகச் செய்தேன். இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

ஜெனிஷ்


செம்பூர்,
10 செப்டம்பர் 2024

ஜெனிஷ்,

டைரக்டர் போன் செய்தார். அவர் வாயிலிருந்து ஸாரி என்ற சொல்லைக் கேட்டேன். திருத்த அறிவிப்பு இந்த மாதமே வந்துவிடும், ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள், விருப்பமிருந்தால் நான் திரும்பி வரலாம் என்றார். காலேஜில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். வெங்கி காட்கோபரிலிருந்து அல்வா வாங்கி வந்து பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். நானும் சிரித்துக்கொண்டே கூட நின்றேன்.

உன் கடிதத்தின் நகலை நாலு நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். துளியும் பங்கில்லை என்கிற வரி வந்ததும் மடித்து வைத்துவிடுகிறேன். மறுபடி எடுக்கிறேன், அந்த இடத்துக்கு வந்ததும் மடிக்கிறேன். நான் எழுதாதே என்று சொன்னதற்கு என்ன காரணம் என்று நீ நினைத்தாயோ தெரியாது. ரோஷம் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

உனக்குச் சொல்கிறேன். யாருக்கும் சொன்னதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

2022 ஆகஸ்டில் உன் ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த இலையில் நரம்பு தெரியாது என்பதால் ஒவ்வொன்றையும் கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு ஊறவைப்பேன். கரம்பேவாடி ஷீட் மொத்தம் ஆறு. ஐந்தை ஊறவைத்தபோது தட்டின் அடியில் மணல் தங்கியது. வெளிறிய, நறநறவென்ற மணல். கரம்பேவாடி முழுக்க மணல்கரை என்று உன் குறிப்பிலேயே இருக்கிறது. இருபத்துமூன்றை ஊறவைத்தேன். வேரிலிருந்து கறுப்பாகச் சேறு கரைந்து இறங்கியது. அழுகின முட்டை வாடை. கழிமுகத்துச் சேறு அது, எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாக இதைத்தானே பார்க்கிறேன். இந்தச் செடி கரம்பேவாடி இல்லை என்று அந்த நிமிஷமே புரிந்தது.

போனைக் கையில் எடுத்தேன். உன் பெயரைக்கூடத் தேடினேன். நீ பக்கத்து அறையில்தான் இருந்தாய், போனே வேண்டாம், கூப்பிட்டால் வந்திருப்பாய். அதற்கு முன் இலையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று குனிந்தேன். எட்டு ஜோடி.

கழிமுகம் என்றால் இந்த இனத்தை அங்கே வேறொருவர் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார். உனக்கு அது தெரியாது. இன்னொரு நிறுவனத்துக்காரர், கழிமுகங்கள் மட்டும் அவர் பங்கு. அங்கே எடுத்தது என்றால் அவருக்குச் சொல்லி, அவர் பெயரோடு சேர்ந்துதான் என் பெயர் வரும். மணல்கரை என்றால் எனக்கு மட்டும். நான் இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. யோசிக்காமலேயே எல்லாம் தெரிந்திருந்தது. போனை மேஜையில் வைத்தேன். லேபிளில் கரம்பேவாடி என்று எழுதியிருக்கிறது, லேபிளை நம்புவதுதான் என் வேலை என்று சொல்லிக்கொண்டேன். என் பெயர் தனிக்கட்டத்தில் வந்த பக்கத்தை அம்மாவிடம் காட்டினேன்.

இரண்டாவது குழு போய் ஒன்றுமில்லை என்று வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தட்டுத்தான். சொல்லியிருந்தால் அன்றைக்கே உன் நம்பர் விஷயம் வெளியே வந்திருக்கும். எதைப் பார்த்துச் சந்தேகம் வந்தது, எப்போது வந்தது என்று அடுத்து என்னைக் கேட்டிருப்பார்கள். அதற்குப் பயந்துதான் எண்ணத் தெரியாதவள் என்று ஒப்புக்கொண்டேன். கண் தப்புச் செய்தால் அது பாவமில்லையே. கண் டாக்டரிடம் போய் நின்றதும் அதனால்தான். உனக்கு அத்தனை கடிதம் எழுதினேன், நீ அனுப்பிய செடியிலும் அதே கறுப்பு இறங்கியதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் உன்னை அவ்வளவு திட்டினேன். உன்னைத் திட்டத் திட்ட நான் சுத்தமாகிக்கொண்டே போனேன். உன் அம்மா உன்னைப் பார்த்துத் துப்பியது போல என்னைப் பார்த்துத் துப்ப இங்கே ஆளில்லை.

டைரக்டருக்கு ஒரு பக்கம் எழுதி இன்று ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன். நகல் காலேஜுக்கும் போகிறது. உன் வரியை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்ன முடிவு எடுத்தாலும் எடுக்கட்டும். வெங்கியிடம் சாயங்காலம் சொல்ல வேண்டும், அல்வா வாங்கிக்கொண்ட வீடுகளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நீ நம்பரைத் தொலைத்தது தெரியாமல் நடந்தது, ஜெனிஷ். எழுதப்படிக்கத் தெரியாத ஏஞ்சலம்மாள் ஈரப் பேப்பரைக் குப்பையில் போட்டதும் தெரியாமல் நடந்தது. அந்தச் செடி எந்த ஊர் என்று சொல்ல அதற்கப்புறமும் ஒரு கை அளவு சேறு மிச்சம் இருந்தது. நான் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஸிங்க்கில் கவிழ்த்தேன். கறுப்பு முழுக்கப் போகிறவரை குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்திலேயே நின்றேன்.

ராஜி